சம்பங்கி பத்தரின் திமில் குதிரை

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு காளையின் திமிலில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் சம்பங்கி பத்தர். கை மெல்லக் கழுத்துக்கு இறங்கி, மறுபடி திமிலுக்கு ஏறுகிறது. மாட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"பத்தரே, இது வாங்கற மாடா, தடவற மாடா?"

"பாக்கற மாடுப்பா. கோவிச்சுக்காத."

சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு கன்றுக்குட்டிகூட அவர் வாங்கியதில்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அவருக்கு ஒரு சின்னப் பட்டறை. வெள்ளைக்காரன் பவுனைப் பார்த்துக் கழுத்துக் காசு செய்வது தொழில். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியும் அவன் பவுன் மேல் நம் பெண்களுக்கு மோகம் தீரவில்லை. அசல் வாங்க முடியாதவர்கள் இவரிடம் வருகிறார்கள். அசலில் ஒரு வீரன் குதிரைமேல் வாளோடு இருப்பான். காலடியில் இறக்கை முளைத்த பாம்பு ஒன்று கிடக்கும். பத்தர் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தவரல்ல. பார்த்ததெல்லாம் மாடுதான். அதனால் முதல் அச்சிலேயே குதிரையின் குளம்பு பிளந்துவிட்டது. அப்புறம் திமில் வந்தது, கொம்பு வந்தது. பாம்பு ஒரு கொத்துப் புல்லாகிவிட்டது. இப்போது வீரனையும் காணோம்.

"ஆள் எங்கே?" என்று கேட்டேன்.

"எறக்கி உட்டுட்டேன் சாமி. எத்தினி நாளைக்குத்தான் அது சொமக்கும்?"

அவர் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதிவிடலாம் என்றுதான் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து நாராயணப்பனும் அவர் மனைவி வெங்கடம்மாளும் வந்தார்கள். வெங்கடம்மாள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு காசு. அதில் ஒரு கொம்பு வளைந்த காளை. அவள் தவிடு காட்டி வளர்த்த செவலை அது. சந்தையில் அதைப் பார்த்து மயங்கிய பத்தர், அச்சில் அடிக்காமல் உளியாலேயே செதுக்கிக் கொடுத்த காசு. அப்படி இன்னொன்று அவருக்கே வராது.

செவலை கோமாரி நோயில் செத்துப்போய்விட்டது. மழை விழுந்துவிட்டது; ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது. ராகி விதைக்காவிட்டால் வருஷம் முழுக்கப் பட்டினிதான். இன்னொரு மாடு பிடிக்க இந்தக் காசைத் தவிர வழியில்லை. தங்கம்தான் என்றாலும் அசல் பவுன் இல்லை என்பதால் உருக்கிக் கொண்டுபோனால்தான் கடைக்காரர் எடுப்பார்.

"உருக்கிடுங்க பத்தரே," என்றார் நாராயணப்பன்.

வெங்கடம்மாள் கழற்றினாள். ஆனால் மூடிய விரல்கள் பிரியவில்லை. "இதுவும் பூட்டா அதோட மொகமே எனக்கு மறந்துபூடும்ண்ணா," என்றாள்.

பத்தர் கரியை ஊதிக்கொண்டே இருந்தார். கரி சிவந்ததும் கையை நீட்டினார். அவள் கயிற்றோடு கொடுத்தாள்.

காசை மடியில் வைத்துக்கொண்டு, வியர்வையில் இறுகிப்போன கயிற்று முடிச்சை நகத்தால் நெருடத் தொடங்கினார். வெகுநேரமாகியும் அது அவிழவில்லை.

"அறுத்துடுங்களேன்," என்றார் நாராயணப்பன்.

"அறுக்கக் கூடாதுப்பா. மாட்டக் குடுக்கறப்ப கயித்த அவுத்துக்கணும். கயிறு வூட்டுல இருக்கணும்."

முடிச்சு அவிழ்ந்தது. கயிற்றை நீவிச் சுருட்டி, இரண்டு கையாலும் வெங்கடம்மாளின் கையில் வைத்தார். அதற்குப் பிறகே நெருப்பின் பக்கம் திரும்பினார்.