முதுகுக்கு ஒரு சுவர்

என் அப்பா ஜெசுயினோ யாரையும் தன் முதுகுக்குப் பின்னால் நிற்க விடமாட்டார். பூசைக்குப் போனால் கடைசி பெஞ்சு, அதிலும் சுவரை ஒட்டிய மூலை. முடி வெட்டும் கடையில் முதலில் எதிரிலிருக்கும் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைப்பார், பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். தெருவில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்று, "போங்க, போங்க" என்று வழிவிட்டு, வந்தவர் கடந்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். அதைப் பார்த்து அவரை ரொம்பப் பணிவானவர் என்று நினைத்துக்கொண்ட ஆட்களும் எங்கள் ஊரில் உண்டு.

காரணம் இல்லாமல் இல்லை. மினாஸ் மாநிலத்தில், எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் எடைமேடை வேலை பார்த்தவர் அவர். கரும்பு லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கரும்புக்கு அடியில் கல்லைப் போட்டுக்கொண்டு வருவார்கள். எடை போடும் நேரத்தில் லாரியின் மறுபக்கம் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு நிற்பார்கள். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். அப்படிப் பிடிபட்ட ஒரு டிரைவர் மறுநாள் பின்னாலிருந்து வந்து, கரும்பு வெட்டும் கத்தியின் பிடியால் அடித்துப்போட்டான். முதுகுத் தழும்பும் மடங்காத வலது முழங்காலும் அன்றைக்கு வந்தவை. எனக்கு அப்போது நான்கு வயது. அதற்குப் பிறகு என் அம்மா போட்ட காபியைக்கூட அவர் முகர்ந்து பார்க்காமல் குடித்ததில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் நான் சாவ் பாவ்லோவுக்கு வரச் சொன்னேன். எனக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். மாதா கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் என்னைக் கைபிடித்து அழைத்துப்போக அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மா போய் ஆறு வருடமாகிறது. போனில் கேட்டதுமே அவர் எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கோயில் நிறைய ஜனங்கள், ஒவ்வோர் அடிக்கும் பின்னால் கூடிக்கொண்டே போவார்கள். அதோடு மாப்பிள்ளையை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

"வந்து அவனைப் பாக்கறேன். திரும்பி பஸ் ஏறுறதுக்குள்ள சொல்றேன், நடக்கறதா இல்லையான்னு" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்தில் எவால்டோ முன்னால் ஓடி, "வாங்க மாமா" என்று பெட்டிக்குக் கை நீட்டினான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அப்பாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதற்காக லீவு போட்டிருந்தான்.

"நான் இன்னும் எவனுக்கும் மாமா ஆகல" என்றார் அப்பா. பெட்டியையும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எவால்டோ பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் கொடுத்தான். "இது ஓடாதுங்க. ரோட்ல எவனாவது மிரட்டினா இதக் கொடுத்துடுங்க. உங்க நல்ல போன் உள்பாக்கெட்ல இருக்கட்டும்." இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடமாடுகிறோம். அப்பா அந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திருடனுக்கு முன்கூட்டியே சீர் எடுத்து வைக்கிற ஊரா இது? இவனுக்கு எப்படித் தெரியும் திருடனுக்கு எது புடிக்கும்னு?"

எவால்டோ சிரித்துவிட்டு, நாளைக் காலையில் எங்கெங்கே போகலாம் என்று சொல்ல ஆரம்பித்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "ஊர் சுத்திக் காட்டறவன் எதையோ மறைக்கத்தான் காட்டுவான். நான் எங்கயும் வரல."

அவன் போன பிறகு எனக்கு வந்த கோபத்தில் பாத்திரங்களையெல்லாம் தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினேன்.

வியாழக்கிழமை காலை எவால்டோ அடுத்த தெருவிலிருந்து வழக்கம்போலக் காபிக்கு வந்தான். குடித்து முடித்ததும் வாசலில் நின்று, "எனக்கொரு சின்ன வேலை இருக்கு, கிளம்பறேன்" என்றான். லீவு போட்டவனுக்கு என்ன வேலை? கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சொல்றேன் நெய்டே" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். கதவு சாத்தியதும் அப்பா தொப்பியை எடுத்து மாட்டினார்.

"நீ உன் பல் டாக்டர்கிட்ட வேலைக்குப் போ. நான் இவன் பின்னாடி போறேன்."

"அப்பா, அசிங்கம்பா!"

"லாரியச் சுத்திப் பாக்காம சீட்டுக் கொடுக்கச் சொல்றியா?"

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, அப்பா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். பார்த்ததையெல்லாம் ஒப்பித்தார்.

"ஆகுவா பிராங்கா பூங்காவுக்குப் போனான். அங்க கோழி, மயிலு எல்லாம் காலுக்கடியில அவுத்துவிட்ட மாதிரித் திரியுது, ஒருத்தனும் புடிச்சு அமுக்கல. இவ்வளவு பெரிய ஊர்ல அது நடக்குமா? ஏதோ பொறி அது. சரி, அத விடு. இவன் பதினோரு தடவை குனிஞ்சு ஷூ நாடா கட்டினான். பதினோரு தடவை! நாடா அவ்வளவு அவுருமா? யாருக்கோ சைகை காட்டறான்."

"யாருக்கு?"

"அதான் இன்னும் தெரியல."

நான் சிரித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அன்றைக்கு எவால்டோ நகரத்தின் பழைய பகுதிக்குப் போயிருக்கிறான். தேயிலைப் பாலம் என்கிற பழைய மேம்பாலத்தின் நடுவில் நின்று கீழே வண்டிகளைப் பார்த்திருக்கிறான். சிக்னலில் நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தும் கடக்காமல் நின்றிருக்கிறான். பிறகு லூஸ் பூங்காவில், பெரிய ஆலமரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னாடி ஒரு பெஞ்சு காலியா இருந்துச்சு. மரத்துமேல சாஞ்சு உக்காந்தேன். நல்ல நிழல்" என்றார் அப்பா. "அவன் யாருக்கோ காத்திருந்தான். வரல. நாளைக்கு வருவா."

"வருவாளா?"

"வருவானோ வருவாளோ... நான் என்ன கண்டேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. எவால்டோவுக்கு முன்னால் ஒருவனை நம்பி மூன்று வருடத்தைத் தொலைத்தவள் நான். அவனும் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், திங்கட்கிழமை சொல்கிறேன் என்பான்.

சனிக்கிழமை தெருச் சந்தை. சந்தையில் கரும்புச்சாறு பிழிகிறவனின் காதில் எவால்டோ ஏதோ சொல்லி, பையிலிருந்து எதையோ அவன் கையில் திணித்ததை அப்பா பார்த்துவிட்டார். பின்னாலேயே அப்பா அந்தக் கடையைத் தாண்டியபோது, கடைக்காரன் வழியை மறித்து ஒரு பெரிய தம்ளர் சாறும், மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துச் சூடாகப் பொரித்த பாஸ்தெல் ஒன்றும் நீட்டினான்.

"எதுக்குய்யா?"

"தொப்பி போட்டவங்களுக்கு இன்னிக்கு இலவசம் பெரியவரே."

அப்பா சுற்றிலும் பார்த்தாராம். சந்தையில் இன்னும் நான்கு தொப்பிகள் இருந்தன. ஒருவர் கையிலும் தம்ளர் இல்லை.

"குடிச்சீங்களா?" என்று வீட்டுக்கு வந்தவரைக் கேட்டேன்.

"முதல்ல ஒரு வாய். கரும்பு நல்ல கரும்பு, அன்னிக்கே வெட்டினது. அதான் இன்னும் சந்தேகமா இருக்கு." முழுவதும் குடித்துவிட்டிருந்தார். அந்தப் பாஸ்தெலைக் காகிதத்தில் சுற்றி, சாட்சிப் பொருள்போலக் கொண்டுவந்திருந்தார். அதுவும் கொஞ்சம் கடிபட்டிருந்தது.

நான் எவால்டோவுக்கு போன் செய்து, மூன்று நாளாக எங்கே போகிறாய் என்று நேராகவே கேட்டேன். "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றான். குரலில் ஏதோ அடக்கிவைத்த மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். வெளியே வந்தபோது அப்பா கதவுக்கு அருகில் நின்றிருந்தார். அவருக்கு என்னைத் தேற்றத் தெரியாது.

"நாளைக்கு நீயும் வா. உன் கண்ணால பாத்துக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்யொக்காவ் மேம்பாலச் சாலையில் வண்டிகள் ஓடாது. ஊரே மேலே ஏறிவிடும். சைக்கிள்காரர்கள், நாய் பிடித்து நடப்பவர்கள், பாய் விரித்து வெயில் காய்பவர்கள். இரண்டு பக்கமும் மூன்றாவது மாடி ஜன்னல்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. ஜன்னல் திரைகளைப் பார்த்து அப்பா, "இவ்வளவு பக்கத்துல ரோடு போனா இவங்க எப்படித் தூங்குவாங்க? எல்லாரும் வேவு பாக்கறவங்க" என்று முணுமுணுத்தார்.

எவால்டோ ஐம்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. நாங்கள் ஒரு பலூன்காரனுக்குப் பின்னால் மறைந்து மறைந்து போனோம். எனக்கு அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் இவளாக இருக்குமோ என்று தோன்றியது. ஒரு கிலோமீட்டர் போனதும் அப்பாவின் கால் இழுக்க ஆரம்பித்தது. மூச்சு வாங்க நின்றார். பலூன்காரன் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அங்கே எவால்டோ குனிந்தான். வலது காலைப் பிடித்துக்கொண்டு, விரல்களால் என்னவோ செய்துகொண்டிருந்தான்.

"பாத்தியா? ஆரம்பிச்சுட்டான்" என்றார் அப்பா. லாரியைச் சுற்றி வரும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை வந்தது. குனிந்திருந்தவனின் காலைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். உதடுகள் மட்டும் அசைந்தன, கணக்குப் போடுகிற மாதிரி. என்னை அங்கேயே விட்டுவிட்டு நேராக நடந்துபோய் அவன் முன்னால் நின்றார்.

"செருப்புக்கு ஏதுடா நாடா?"

எவால்டோ குனிந்தபடியே காலைப் பார்த்தான். காது வரை சிவந்துவிட்டது. "பழக்கமாயிடுச்சுங்க" என்றான்.

"என்ன பழக்கம்?"

"உங்களுக்கு முட்டி வலிக்கும்போது நான் நிக்கணும்ல. நிக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமே." மெல்ல நிமிர்ந்தான். "கூப்பிட்டா வரமாட்டேன்னுட்டீங்க. வேலைன்னு மர்மமாச் சொல்லிட்டுக் கிளம்பினா பின்னாடி வருவீங்கன்னு நெனச்சேன். முதல் நாளே திரும்பிப் பாத்தேன், நீங்க தொப்பியோட படியிறங்கி வந்துட்டிருந்தீங்க. சரி, இப்படியாவது ஊரப் பாக்கட்டுமேன்னு... பெஞ்சு இருக்கற வழியாப் பாத்துப் போனேன்."

"அந்தக் கரும்புச்சாறு?"

"வெயில்ல மூணு நாளா நடக்கறீங்க."

நான் பாய்ந்தேன். "என்கிட்ட ஏண்டா சொல்லல? நேத்து ராத்திரி எப்படி அழுதேன் தெரியுமா?"

"உன் முகம் காட்டிக் கொடுத்துடும் நெய்டே. உன் அப்பா கண்ணு சாதாரணக் கண்ணா?"

அடிக்கக் கை ஓங்கினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அப்பா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. நான்கு நாட்களையும் முதலிலிருந்து மறுபடி எடை போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பச்சை விழுந்தும் கடக்காத சிக்னல்கள், ஆலமரத்து நிழல், பின்னால் காலியாகக் கிடந்த பெஞ்சு. சுற்றிச் சுற்றிப் பார்த்தும் அடியில் கல் இல்லை.

"முப்பத்தொரு வருஷத்துல என்னை ஏமாத்தினவன் இல்ல" என்றார். "நீ ஏமாத்திட்ட."

எவால்டோ தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா தொப்பியைக் கழற்றி, உள்பக்க வியர்வையைத் துடைத்து, மறுபடி மாட்டினார். "நகரு. இப்ப நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

எனக்குச் சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "அப்பா, நான் பக்கத்துல வரட்டுமா?"

"நீயும் பின்னாடி வா."

காலை இழுத்துக்கொண்டு அவர் நடந்தார். சைக்கிள்கள் பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டு வந்தன. நாய்கள் வந்தன, ஓடுகிறவர்கள் வந்தார்கள். அவர் ஒதுங்கவில்லை, யாருக்கும் "போங்க, போங்க" சொல்லவில்லை. தோள்பட்டை மட்டும் முதலில் இறுகிப்போய்க் கிடந்தது. அது தளர்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். அப்பாவின் முதுகை அவ்வளவு நேரம் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரிவு தொடங்குகிற இடத்தில் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"கோயில் வாசல்லேருந்து பீடத்துக்கு இவ்வளவு தூரம் இருக்குமா?"

"இதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காதுப்பா."

"அப்ப நடந்துடலாம்" என்றார்.