பன்னிரண்டு வோல்ட் ஜவாப்தாரி

பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் பழைய கார் ஸ்டீரியோ வாங்கி நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். "பேட்டரி மட்டும் இருந்தா இங்கயே பாட்டு போட்டுக் காட்டுவேன் சார்" என்று இரண்டு முறையும் சத்தியம் செய்தவர் ஒரே வியாபாரி. அவர் வாயை அடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். பழைய யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், சின்ன ஸ்பீக்கர், சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டூல் பாக்ஸுக்குள் அடக்கி, தொம்மலூரிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன்.

வியாபாரி பயப்படவில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். "வாங்க வாங்க, சார் டெஸ்ட் பண்ணியே குடுக்குறாரு!" என்று கூவினார். மத்தியானம் வரை நான் கிளிப் மாட்டினேன், பாட்டு வந்தது, சரக்கு போனது. நான் வாங்க நினைத்த ஸ்டீரியோவும் போனது. எழுந்துபோக மனம் வரவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவான என்னை எல்லோரும் இன்ஜினியர் என்றார்கள்.

அடுத்த ஞாயிறும் அதே ஸ்டூலில் இருந்தேன். போன வாரம் வாங்கிய ஸ்டீரியோவோடு ஒருவர் வந்து என் சட்டையைப் பிடித்தார். "ஏன் குரு, நீதானே பாடுதுன்னு காட்டினே? கார்ல மாட்டினா மூச்சே இல்ல!"

நான் வியாபாரியைப் பார்த்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, "பெட்டி அவரோடது சார், அவர்தான் ஜவாப்தாரி" என்றார்.

சட்டையை விடுவித்துக்கொள்ள அந்த ஸ்டீரியோவை நானே வாங்கிக்கொண்டேன். பெட்டி என் மடியிலேயே இருந்தது. டெஸ்ட் பண்ணிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.