அரக்குச் சேலையும் பாண்டி அண்ணன் கேமராவும்

திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சின்னாளபட்டியில் மல்லிகா அக்காவிடம் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். அக்கா, துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் ஏற்றி, சுங்குடிச் சேலை போட்டு விற்கிறவர். நான் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பஸ் ஏறி வந்தவள். சேலையைப் போனில் படம் எடுப்பது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது, பில் போடுவது, பார்சல் கட்டுவது எல்லாம் என் வேலை. கட்டிய பார்சல் திரும்பி வந்தால் பிரிப்பதும் நான்தான்.

அந்தப் பார்சல் கீரனூரில் இருந்து வந்திருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு டீச்சர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டப்போகிறார்கள். முப்பத்திரண்டு சேலை. நான் அனுப்பிய படத்தைப் பார்த்து நிறத்தைத் தேர்வு செய்தார்கள். மாதிரிக்கு ஒன்று அனுப்பினோம். வாங்கிப் பார்த்த சரசுவதி டீச்சர், சேலையைத் திருப்பியதோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தார்.

"ஏனுங்க, படத்துல தக்காளிப் பழமாட்டம் இருந்துச்சுங்க. வந்தது காப்பிக்கொட்டையாட்டமல்ல இருக்குதுங்க?"

அக்கா சேலையின் முந்தியை என் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார்.

"ஏன்டி ஜெனி, என் சேலையத்தான் படம் எடுத்தியா, இல்ல பக்கத்து வீட்டுக்காரி சேலையவா?"

தப்பு சேலையில் இல்லை. அது அழகான அரக்கு நிறம். தப்பு என் போனில். இருட்டான நிறத்தைப் பார்த்ததும், ஐயோ பாவம் வெளிச்சம் பத்தவில்லை போல என்று அதுவே இரக்கப்பட்டு, வெளுக்க வைத்து, சிவப்பை ஏற்றிக் கொடுத்துவிடுகிறது. மனிதர்களுக்குப் பவுடர் போட்டுப் பழகிய போன், சேலைக்கும் போடுகிறது.

அப்போதுதான் தோன்றியது. சொந்த புத்தி இல்லாத ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வேண்டும். அதைக் கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்துவிட வேண்டும். இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே திரையில் படம் வந்துவிடும். அக்கா திரைக்குப் பக்கத்தில் அசல் சேலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒரே சிவப்பில் ஒன்பது பிரித்துச் சொல்கிற கண் அவருடையது. மெமரி கார்டைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தால், அதற்குள் ஜன்னல் வெளிச்சம் மாறிவிடும், கேபிள்தான் சரி.

ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் விளக்கினேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"பழசு எதுக்கு? புதுசுல இது செய்யாதா?"

"செய்யும்க்கா. புதுசு விலைக்கு நீங்க தறி ஒண்ணு வாங்கலாம்."

"அப்ப பழசே நல்லது" என்றார்.

வெள்ளிக்கிழமை

திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலேயே ஸ்டுடியோ வைத்திருப்பவர் பாண்டி அண்ணன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சர்ச்சில் புதுநன்மைப் படம் எடுத்தது அவர்தான். இப்போது டிரோன் வரைக்கும் போய்விட்டதால், தன் முதல் டிஜிட்டல் கேமராவைப் பீரோவில் வைத்திருந்தார். கேட்டதும் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"பதினஞ்சு வருஷம் கல்யாணம் எடுத்ததுத்தா இது. ஒரு நாள் படுத்ததில்ல. பேட்டரி, சார்ஜர், சிடி அம்புட்டும் இருக்கு. பக்கத்துல ஒரு ரப்பர் மூடி மட்டும் பிஞ்சு போச்சு. அது ஒண்ணும் பண்ணாது."

கிளிக் செய்து பார்த்தேன். ஷட்டர் சத்தம், கதவை அடைத்தது போல் கெட்டியாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சின்னாளபட்டிக்கு வந்து இறங்கியபோது அக்கா முகம் சரியில்லை. கீரனூர் டீச்சர் போனில் பேசியிருக்கிறார். திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவர்களுக்கு ஸ்டாஃப் மீட்டிங். அதற்குள் சேலையின் உண்மையான நிறத்தில் படம் வந்தால் எல்லாருமாகப் பார்த்து முடிவு சொல்வார்கள். இல்லையென்றால் வேறு ஒரு கடையில் பேசிவிடுவார்கள்.

"ஆர்டர் போனா போகுதுக்கா, வேற வரும்" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்து.

அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கொடி கொடியாகச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் அரக்கு. உன் படத்துக்குத்தான் சரி சொல்லிவிட்டார்களே என்று, மாதிரி போய்ச் சேருவதற்கு முன்னாலேயே முப்பத்திரண்டுக்கும் முடிச்சுக் கட்டிச் சாயம் ஏற்றிவிட்டார்.

"இம்புட்டு அரக்கையும் நானும் நீயுமா கட்டுறது?" என்றார். "இந்தக் கேமராவும் ஏமாத்துச்சுன்னு வையி, நீ இனிமே பில்லு மட்டும் போடு. படம் எடுக்கிற சோலியே வேணாம்."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிடித்த வேலை எது என்பது, அதைப் பிடுங்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் நமக்கே தெரியும்.

சனியும் ஞாயிறும்

கேமராவின் இடது பக்கத்தில் சின்ன யு.எஸ்.பி. வாய். என்னிடம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிள், கொஞ்சம் அழுத்தியதும் அதில் பொருந்தியது. லேப்டாப்பில் சொருகினேன். சொருகியதும் "டிங்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை.

கேபிளைச் சந்தேகப்பட்டேன். அதே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். டிங். கேபிள் நல்லது.

ஆக, டிரைவர் பிரச்சினை என்று முடிவு கட்டினேன். பாண்டி அண்ணன் கொடுத்த சிடியைப் போட என் லேப்டாப்பில் இடமே இல்லை. வெளியே மாட்டும் சிடி டிரைவ் ஒன்றை என் தோழி வீட்டில் இருந்து வாங்கி வந்தேன். சிடி சுற்றியது. "உங்கள் விண்டோஸ் எனக்குப் பழக்கமில்லை" என்ற அர்த்தத்தில் ஒரு பெட்டி காட்டிவிட்டு நின்றுகொண்டது. இணையத்தில் தேடினேன். இதே கேமராவோடு போராடிய பத்துப் பேர் பத்து வருஷத்துக்கு முன்னால் பேசிக்கொண்டதைப் படித்தேன். கடைசியில் ஒருவன் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தான். எப்படிச் சரியானது என்று சொல்லவில்லை. அவன் நன்றாக இருக்கட்டும்.

கேமரா மெனுவில் இணைப்பு முறை என்று இரண்டு இருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில் பழைய விண்டோஸ் ஏற்றினேன். பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலும் பார்த்தேன். மூன்று விதத்திலும் அதே அமைதி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் மன்றாட்டு நேரத்தில் நான் எதற்காக மன்றாடினேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன்.

"உங்க சாமிக்கு டிரைவரு தெரியுமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை

காலை முதல் பஸ்ஸில் சின்னாளபட்டி போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் தோல்வியும் பையில் கூடவே வந்தது. ஒன்பதரை மணிக்கு நான்காவது முறையாக எதையோ இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"ஏன்டி, இது என்ன கோயில் வாசம் அடிக்குது?"

"அக்கா, செத்த நேரம் சும்மா இருங்க. எண்பது பர்சென்ட் வந்துருச்சு."

"நீ மோந்து பாரு."

முகர்ந்தேன். சந்தனம்.

போன் டார்ச்சை அந்த யு.எஸ்.பி. வாய்க்குள் அடித்தேன். உள்ளே ஐந்து சின்னப் பின் தெரிய வேண்டும். தெரிந்தது, காய்ந்து இறுகிய சந்தன அடை. அதன் நடுவில் குங்குமம். பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கேமரா பக்கவாட்டுல என்ன வச்சீங்க?"

"பொட்டுத்தா. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் அங்கதான் வைப்போம்."

"அதுல எதுக்குண்ணே வச்சீங்க?"

"பின்ன எங்க வைக்க? முன்னால வச்சா லென்ஸ்ல படும். மேல ஃப்ளாஷ் இருக்கு. பின்னால டிஸ்பிளே. கைப்பிடி சொரசொரன்னு இருக்கு, ஒட்டாது. அந்த ரப்பர் மூடி ஒண்ணுதான் மொழுமொழுன்னு இருந்துச்சு."

"மூடிதான் பிஞ்சு போச்சுல்ல?"

"அதுக்காக, வச்சுப் பழகின இடத்த மாத்த முடியுமா?"

"கம்ப்யூட்டர்ல எப்படிப் படம் ஏத்துனீங்க?"

"கார்டக் கழட்டிச் சொருகுவேன். ஏத்தா, அந்த ஓட்டைக்கு ஒரு வேலை இருக்கா?"

அவரைச் சொல்லி என்ன? பதினைந்து வருஷம் அந்த வாய் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கு அதுதான் தேவை. மூன்று நாள் நான் அதற்குள் பார்க்கவில்லை. சாஃப்ட்வேர் படித்தவள், தப்பையும் சாஃப்ட்வேரிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தார். "அய்யோ, இரும்பு வேணாம்க்கா!" என்று கத்தினேன். முதலில் பேட்டரியைக் கழற்றினேன். பக்கத்து மொபைல் சர்வீஸ் கடையில், போர்டு கழுவுகிற ஐ.பி.ஏ. திரவம் ஒரு மூடி அளவு வாங்கி வந்தேன். விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி நுனியைச் சீவினோம். ஒரு சொட்டு விட்டு, ஊற வைத்து, சுரண்ட வேண்டும். நான் சுரண்டியதில் குச்சி நுனிதான் மடங்கியது. அக்கா வாங்கிக்கொண்டார். கடுகளவு துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுகிற விரல். துளித் துளியாகச் சந்தனத்தை வெளியே எடுத்துத் தாளில் தட்டினார்.

"பாண்டி அண்ணே பக்திக்காரரு" என்றார். "எட்டு வருஷச் சந்தனம் இருக்கும் போலயே."

பத்தேமுக்காலுக்கு ஐந்து பின்னும் பளிச்சென்று தெரிந்தன. நன்றாகக் காயவிட்டுப் பேட்டரியைப் போட்டேன். கேபிளைச் சொருகினேன்.

டிங்.

நான் எழுந்து குதித்ததில் லேப்டாப் ஆடியது. "ஒக்காருடி, இன்னும் படம் வரல" என்றார் அக்கா.

நிஜமாகவே வரவில்லை. ஷட்டர் விழுந்தது, லேப்டாப்பும் "ஒரு படம் வந்தது" என்றது. இன்றைய படங்கள் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. மறுபடி எடுத்தேன். மறுபடி ஒன்றும் இல்லை. பதினொன்று அடித்தபோது, பட்டியலின் அடி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். அங்கே இருந்தன. கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் குட்டி பேட்டரி செத்துப்போய், தேதி அது பிறந்த வருஷத்துக்கே ஓடிவிட்டது. நாங்கள் எடுத்த படங்களும் அந்த வருஷத்தில் போய் உட்கார்ந்திருந்தன.

"எனக்குக் கல்யாணமே ஆகல அப்ப" என்றார் அக்கா தேதியைப் பார்த்து. "அப்பவே சேலை வித்திருக்கேன் பாரேன்."

தேதியைச் சரிசெய்தேன். வெள்ளைத் தாளைக் காட்டி, வெள்ளை என்றால் இதுதான் என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வடக்கு ஜன்னல் ஓரமாகச் சேலையைத் தொங்கவிட்டோம். அக்கா திரைக்குப் பக்கத்தில் இன்னொரு சேலையின் முந்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது குங்குமம்."

வெளிச்ச அளவைக் குறைத்து எடுத்தேன்.

"இது செங்கல்லு. இன்னும் செத்த அடங்கணும்."

இன்னும் குறைத்தேன்.

"இப்ப பொட்டெல்லாம் மங்கிப்போச்சு. முடிச்சுக்கு உள்ள இருந்த வெள்ளை வெள்ளையாத் தெரியணும்ல?"

பதினாறாவது படம் திரையில் வந்தது. முந்தியைத் திரையில் ஒட்டிப் பிடித்தார். எடுத்தார், மறுபடி பிடித்தார்.

"இதுதான் என் சேலை" என்றார்.

பன்னிரண்டே காலுக்கு அனுப்பினோம். கீழே, "டீச்சர், இது தக்காளி இல்லை, அரக்கு. உள்ளது உள்ளபடி" என்று நான் எழுதினேன். அக்கா சாதம் போட்டுக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இரண்டரைக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஏனுங்க, நல்லா இருக்குதுங்க. நாங்க திருப்பி அனுப்புன சேலை இதேதானுங்க? அப்பவே இந்தப் படத்தைப் போட்டிருந்தீங்கன்னா திருப்பியே இருக்க மாட்டோமுங்க. எங்க ஹெச்.எம். அரக்கே வேணும்னு சொல்லிட்டாங்க. முப்பத்திரண்டையும் அனுப்பிருங்க. பி.டி. டீச்சர் போன்ல மட்டும் கத்திரிக்காயாட்டம் தெரியுதுங்க, அவங்களை நாங்க பாத்துக்கறோமுங்க."

அக்கா அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு கொல்லைக்குப் போய்க் கொடியில் இருந்த சேலைகளை எடுக்க ஆரம்பித்தார். நான் பில் போட உட்கார்ந்தேன். "பில்லு அப்புறம் போட்டுக்கலாம்" என்று அங்கிருந்தே குரல் வந்தது. "பச்சை பார்டர் ஒண்ணு இருக்கு, வெளிச்சம் போறதுக்குள்ள அத எடு."

பழைய சாமானோடு மல்லுக்கட்டப்போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் டவுன்லோடு செய்வதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச்சுக்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். கொடுத்தவரிடம் ரிப்பேர் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பூஜை பற்றியும் கேளுங்கள்.

கதை தெருவெல்லாம் பரவி, போன வாரம் பாண்டி அண்ணன் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். டேப் போடுகிற பழைய வீடியோ கேமரா ஒன்றை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு பெட்டி நிறையக் கல்யாண டேப். கல்யாணம் முடித்தவர்கள் இப்போது பிள்ளைகளோடு வந்து கேட்கிறார்களாம். அதை லேப்டாப்பில் ஏற்றித் தர முடியுமா என்றார். அதன் கேபிள் வாய் என் லேப்டாப்பில் உள்ள எதற்கும் பொருந்தாத ரகம். அதற்கு என்ன வழி என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம் இல்லை.

"அதுல பொட்டு வைக்கலத்தா" என்றார், என் சந்தேகம் புரிந்து. "அதுக்கு மாலைதான்."

டேப் போடும் கதவைத் திறந்தேன். காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று மடியில் விழுந்தது. உள்ளே இன்னும் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேமராவோடு சின்னாளபட்டிக்குப் போகிறேன். அக்கா ஈர்க்குச்சி சீவி வைத்திருக்கிறார்.