சைரன் இல்லாமல் பார்த்த பெட்டி

"புள்ள, என்ட பெட்டி முடிஞ்சா? நாளைக்குக் கடலுக்குப் போகோணும்."

கிண்ணியாவிலிருந்து வந்த மீனவர் றபீக் காக்கா இப்படிக் கேட்டபோது நான் மேசையில் கிடந்த பெட்டியைப் பார்த்தேன்.

அது படகில் பூட்டும் அவசரப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் சைரன் ஊதும், பிறகு படகின் இலக்கம் கரைக்குப் போகும். ஓ.எல். பரீட்சை வரை படித்த நான், இந்தப் பெட்டிகளைச் செய்யும் உப்புவெளிப் பட்டறையில் வயர்களுக்குச் சோல்டர் பிடிக்கத்தான் சேர்ந்தேன். பிறகு, என்னைவிட இளையவரான குகன் பெட்டிக்காக எழுதும் புரோகிராமை ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவியில் போட்டு, வரும் எச்சரிக்கைகளைக் கொப்பியில் எழுதிவைப்பதும் என் வேலையானது. அந்தக் கருவி புரோகிராமை ஓட்டாமலே வரிவரியாக வாசித்துப் பிழை தேடும்.

காக்கா வருவதற்கு முதல்நாள் அது ஒன்று சொல்லியிருந்தது: ஃபங்ஷன் முடிந்த பிறகும் அதன் ஸ்டாக் முகவரி பாவிக்கப்படுகிறது. ஃபங்ஷன் என்பது புரோகிராமில் ஒரு வேலை; ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகம் எங்கள் வேலை மேசை மாதிரி. ஒரு வேலை முடிந்தால் மேசை அடுத்த வேலைக்கு. அதில் விட்ட துண்டைத் திரும்பத் தேடினால் சிலவேளை துண்டு கிடக்கும், சிலவேளை யாருடையவோ சோற்றுப் பார்சல் கிடக்கும். குகன் படகு இலக்கத்தை அந்த மேசையில்தான் விட்டிருந்தார்.

"அது சும்மா கத்தும் அக்கா. எத்தனை தரம் அழுத்திப் பாத்தனான், இலக்கம் சரியாத்தானே வருது," என்றார். ஓம் தம்பி என்று கொப்பியை மூடிவிட்டேன்.

காக்கா கதிரையில் இருந்தபோதுதான் யோசித்தேன். பக்கத்து விடுதிக்காரர் சத்தம் என்று ஏசியதால், பட்டறையில் சோதிக்கும்போது நாங்கள் சைரனைப் பூட்டுவதே இல்லை. இலக்கம் போகுமுன் அந்த ஸ்டாக் மேசையில் ஏறி அதை அழிக்கக்கூடிய வேலை சைரன்தான்.

எழும்பிப் போய் சைரன் வயரைச் செருகினேன்.

"என்ன அக்கா, ஏச்சு வாங்கித் தரப்போறீங்களோ?"

"ஒருக்கா மட்டும் தம்பி."

அழுத்தினேன். சைரன் ஊதியது. கணினித் திரையில் பாதி இலக்கம், மிச்சம் ஏதோ கிறுக்கல்.

காக்கா குனிந்து பார்த்துச் சிரித்தார். "நான் தாழுறன், நீங்க யார்ட வள்ளத்தத் தேடப் போறீங்க?"

குகன் சிரிக்கவில்லை. கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். "இருங்கோ அக்கா. எந்த வரி?"

விரலை வைத்துக் காட்டினேன். இலக்கத்துக்கென்று வேறு எந்த வேலையும் தொடாத இடம் ஒதுக்கினார். சைரனோடு மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தோம். விடுதிக்காரர் மதிலுக்கு மேலால் ஏசினார். இலக்கம் ஒவ்வொரு தரமும் முழுதாக வந்தது.

காக்கா பெட்டியோடு போன பிறகு குகன் கேட்டார்: "ஏன் அக்கா நேற்றே அடிச்சுச் சொல்லேல்ல?"

"உங்கட முகம் வாடுமெண்டு."

"என்ட முகத்தைப் பாத்துக் காக்காவைக் கடலில தாழ விட்டிருப்பீங்களே?"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எச்சரிக்கையை எழுதி மூடிவைக்காதீர்கள், புரோகிராம் எழுதியவருக்குக் கேட்க வாசியுங்கள். என் குரல் இன்னும் சின்னதுதான். ஆனால் இப்போது நான் வாசிக்கத் தொடங்கினால், கேட்கவென்று குகன் மின்விசிறியை நிறுத்திவிடுவார்.