பாமினி இல்லாத நாடகம்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஸ்டாப் ரூமில் அவள் அந்தப் புது லேப்டொப்பைத் திறந்து வைத்தாளே, அன்றைக்கு அவர்களும் அங்கே இருந்திருக்க வேண்டும். அவளும் தமிழ் டீச்சர், நானும் தமிழ் டீச்சர். என்னைவிட ஒரு வயது இளையவள். நமுனுகுல மலையடியில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவர்கள் நாங்கள். அவள் புருஷன் கத்தாரில் வேலை செய்கிறான். லேப்டொப் அங்கிருந்துதான் வந்தது. பிஸ்கட் மாதிரி மெலிசு. மூடியின் மூலையில் மையால் ஒரு கறுப்புப் பொட்டு வேறு.

"என்னடி இது, பச்சப் புள்ளைக்கு வைக்கிற மாதிரி?"

"கண்ணு படக்கூடாதுல்லக்கா."

யாருடைய கண்? அப்போது அறையில் இருந்தது நானும் பள்ளிக்கூடத்து அதிபரும்தான். அதிபருக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும்.

வருஷா வருஷம் மாகாண நாடகப் போட்டிக்கு அவள் எழுதிய நாடகம்தான் போகும். அவளுக்குக் கை ஓடும், அதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கும் பேனா பிடிக்கத் தெரியும். இந்தத் தடவை அதிபரிடம் சண்டையே போட்டுச் சம்மதம் வாங்கினேன். திங்கட்கிழமை காலை என் நாடகம் பதுளையில் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அவளுடைய பழைய நாடகம் ஒன்றை அனுப்பிவிடுவேன் என்று அதிபர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நான் நாடகத்தை எழுதி முடித்த கையோடு அவள் ஒரு கொள்ளிக்கட்டையைப் போட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னக்கா, இன்னும் அந்தப் பழைய விண்டோஸையா வச்சிருக்கீங்க? அதுக்கு இனிமே பாதுகாப்பு ஒண்ணும் வராதாம். புதுசு போட்டுக்கங்க" என்றாள். என் லேப்டொப் அம்மிக்கல் கனம் என்பது எனக்குத் தெரியாதா? அதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீடியோவில் ஒரு தம்பி சொன்னபடி, ஒரு பென் டிரைவில் புது விண்டோஸை ஏற்றிக்கொண்டேன். இன்னொன்றில் நாடகத்தையும் மற்ற பைல்களையும் கொப்பி பண்ணினேன். அந்த இரண்டாவது பென் டிரைவ் அவளிடம் இரவல் வாங்கியது. அப்புறம் இருந்த விண்டோஸை அப்படியே புதிதாக்கப் பார்த்தேன். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. தோட்டத்தில் மழை என்றால் கரண்டு போகும். என் லேப்டொப்பின் பெட்டரியோ எப்போதோ செத்துப்போனது. கரண்டு வந்து திறந்தால் வெறும் கறுப்புத் திரை. வேறு வழியில்லாமல் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, முதல் பென் டிரைவிலிருந்து அடியிலிருந்தே போட்டேன்.

போட்டேன், அதுவும் தனியாளாக! வேர்டும் ஏறியது. திரை நீலமாகப் பளிச்சென்று வந்ததும் 'இப்ப வாடி' என்று மனசுக்குள் ஒரு கூத்தே ஆடினேன். ஆடிய காலோடு நாடகத்தைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்து இல்லை. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் mk;kh என்று நின்றது. பக்கம் பக்கமாக இதே கூத்து.

அடிப்பாவி! எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவளுடைய பென் டிரைவ். வைரஸை வைத்துக் கொடுத்துவிட்டாள். என் நாடகம் போகக்கூடாது, அதுதானே? அந்தப் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்காமல் தேயிலைக்குள் இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். போனில் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

"இதுல என்னத்தடி வச்சிருந்த? என் நாடகமே போச்சு!"

போனில் எடுத்துவந்திருந்த படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, பாமினி எங்க?"

"எந்தப் பாமினி? எட்டாம் வகுப்புல இருக்காளே, அவளா?"

சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. பாமினி என்பது எழுத்துருவின் பெயராம். அது இல்லாவிட்டால் தமிழெல்லாம் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் தெரியுமாம். எனக்கு எப்படித் தெரியும்? லேப்டொப் வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்தார்கள், திறந்தால் தமிழ் வந்தது, அடித்தேன். விண்டோஸை அழித்தபோது அதுவும் சேர்ந்து அழிந்திருக்கிறது. "நாடகம் எங்கயும் போகல. என்னோடதுல பாமினி இருக்கு, பாருங்க" என்று பென் டிரைவைத் தன் லேப்டொப்பில் செருகினாள். வந்தது, தமிழ்! முருகா என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. முதல் பக்கத்தில் பாத்திரங்கள். முதல் பாத்திரம், 'பளபளப்பு டீச்சர். கையில் புது லேப்டொப், வாயைத் திறந்தால் கத்தார்.' அவளை நினைத்து, வயிறெரிய வயிறெரிய எழுதியது. மேடையேறும்வரை அவள் கண்ணில் படாது என்றிருந்தேன்.

அவள் சத்தமாகவே வாசித்தாள். என் கேலி முழுக்க அவள் குரலில் வந்தது. "'தொடாதீங்க, கைரேகை படும்.' இது நான் சொன்னதுதானேக்கா?" ஏசுவாள், அதிபரிடம் போவாள், நாளைக்கு என் நாடகம் போகாது என்று பயந்துகொண்டே இருந்தேன்.

கடைசிவரை வாசித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எல்லாம் சரிதான். ஒண்ண விட்டுட்டீங்க. இவ ராத்திரி சாப்பிடுறப்ப ரெண்டு தட்டு எடுப்பா. அப்புறம் ஒண்ணத் திருப்பி வைப்பா. அதையும் எழுதுங்க."

அவள் எழுந்து டீ போடப் போனாள். நான் அந்த லேப்டொப்பிலேயே அதைச் சேர்த்தேன். என்னிடம் இருந்த அத்தனை வசனமும் அதற்குப் பக்கத்தில் சப்பென்று கிடந்தது.

நாடகம் போனது, மேடையேறியது, பரிசும் கிடைத்தது. என் கேலிக்கெல்லாம் கைதட்டிச் சிரித்த மண்டபம், தட்டு திரும்பிப் போன இடத்தில் மூச்சுக் காட்டவில்லை. வெளியே வந்ததும் எல்லோரும் அந்தத் தட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். அது அவள் சொன்னது என்றேன். வேறென்ன சொல்ல? இந்த வருஷமும் அவள்தான் ஜெயித்தாள் என்று நின்ற இடத்திலேயே எனக்கு வயிறு எரிந்தது.