ஓக்கி ஸ்டம்ப்பின் எஞ்சின்

ஓக்கி ஸ்டம்ப்பும் நானும் மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலை ரயில்வேயில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பதிவேட்டில் அவன் முதலில் கையெழுத்துப் போட்டான். பேனா கொடுத்ததே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ரயில்வேயில் ஒரு வரி மேலே இருந்தால் ஆயுசுக்கும் சீனியர்.

1926-இல் 'எம்' ரக எஞ்சின்கள் எட்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தன. கரிவண்டி இழுக்கவென்றே செய்த, பதினாறு பெரிய சக்கர ராட்சதங்கள். சீனியாரிட்டிப்படி ஆளுக்கொன்று. எட்டாவதான 712 ஓக்கிக்குப் போயிற்று. ஒன்பதாவது பெயர் என்னுடையது. எனக்கு ஒழுகுகிற பழைய எஞ்சின்தான்.

அப்புறம் ஊரெல்லாம் ஓக்கி புராணம். ஃப்ளின்ட் மேட்டில் எழுபது வண்டியை நிற்காமல் ஏற்றிவிட்டானாம். சோளரொட்டி தின்னப் போன இடத்திலும் அதே பேச்சு. எனக்கு வயிறு எரியும்.

"எஞ்சின் இழுக்குது, அவன் சும்மா ஒக்காந்திருக்கான். என்கிட்ட குடுத்துப் பாருங்கடா," என்று ஒன்பது வருஷம் சொல்லித் திரிந்தேன்.

அப்போதுதான் ஓக்கி நிமோனியாவில் படுத்தான். 712 என் கைக்கு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஃப்ளின்ட் மேட்டின் பாதியில் சக்கரங்கள் வழுக்கின. பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் விட்டேன், நீராவியைக் கூட்டினேன். வெறுமனே சுற்றின.

"கூட்டாதீங்கண்ணே. ஓக்கி அண்ணன் இங்க கொறைச்சுதான் புடிப்பாரு," என்றான் ஃபயர்மேன் ஹோபர்ட்.

"நீ கரிய அள்ளு. எனக்கு வாத்தியார் வேலை பாக்காத."

வண்டி நின்றே போனது. கரிவண்டிகளை இரண்டாகக் கழற்றி, பாதி பாதியாக மேலே கொண்டுபோனேன். டிரைவருக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. ரிப்போர்ட் புத்தகத்தில், '712 வழுக்குகிறது, எஞ்சினில் கோளாறு' என்று எழுதிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஓக்கி இளைத்துப்போய் வேலைக்கு வந்தான். ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் புத்தகத்தை நீட்டினார்.

"ஷெட்டுல பிரிச்சுப் பாத்தாச்சு, ஒரு கோளாறும் இல்ல. நீ சொல்லுப்பா ஓக்கி, இது வழுக்குமா?"

இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; பொய் ரிப்போர்ட்டுக்கு என்னை எஞ்சினைவிட்டே இறக்கிவிடுவார்கள். ஓக்கி என்னைப் பார்த்தான்.

"வழுக்கும் சார். எனக்கே அந்த மேட்டுல ரெண்டு தடவ ஆயிருக்கு. சோம்பேறித்தனமா எழுதாம விட்டுட்டேன்."

உண்மை தெரிந்த ஹோபர்ட் தலை குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்குடா பொய் சொன்ன?"

"விடுடா டெல்பர்ட். நான் படுத்திருந்தப்போ ஒம் பொண்டாட்டி சூப் குடுத்தனுப்பினா. நல்லாருந்துச்சுன்னு சொல்லு."

அதுவரை அவனுடைய எஞ்சின்மேல்தான் எனக்குப் பொறாமை. அன்றைக்கு அவன்மேலேயே வந்தது, இன்னும் போகவில்லை.