சாயம் போன மிளகாய்ச்செடி

எங்கள் ஊரில் ஒரு துணியைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் விலை கேட்க மாட்டார்கள். ஓர் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள். விரலில் நிறம் ஒட்டினால் துணியை விட்டுவிட்டுக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். திருப்பூரில் பிறந்த எனக்கு இந்தப் பழக்கம் மூன்றாம் வகுப்புக்குள் வந்துவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மாளின் புதுச்சேலை முந்தானையைத் தேய்த்துப் பார்த்து முதுகில் வாங்கியிருக்கிறேன். ஆகவே, மாமா அந்தக் கறுப்பு இலைச் செடியைக் கொண்டுவந்து காட்டியபோதும் நான் அதைத்தான் செய்தேன். இலையை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். அப்பா வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மாஸ்டர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டு அதே பட்டறையில் இருந்தார். அப்பா கறுப்புக்குப் பேர் போனவர். சிவப்பும் நீலமும் யார் வேண்டுமானாலும் போடலாம், கறுப்புப் போட்டு நிறுத்துகிறவன்தான் மாஸ்டர் என்று தொழிலில் சொல்வார்கள். அந்த வருஷம் கார்த்திகையில், மாலை போடுகிற சாமிகளுக்காக ஒரு பெரிய லாட் கறுப்பு பனியன் அப்பாவின் பட்டறையிலிருந்து போயிற்று. சாமிகள் விடிய ஆற்றில் முங்கி எழுந்தபோது பனியன் சாம்பல் நிறத்திலும் சாமிகள் கறுப்பு நிறத்திலும் இருந்தார்களாம். ஊரே சிரித்தது. முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். சாயப் பவுடர் மட்டம், பார்த்து வாங்காதது என் தப்பு என்று அப்பா சொன்னார். மீதிப் பவுடர் கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதைப் பரணில் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவேயில்லை.

வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. அவராகவேதான் போகவில்லை. ஷேவ் செய்யவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அம்மா பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வாங்கிவந்து வீட்டில் பிசிர் வெட்டிக் கொடுத்தாள். கத்தரி சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அப்பா செத்துப்போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அவருடைய வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வாழைமட்டையில் பொதிந்து அந்தச் செடியைக் கொண்டுவந்தார். ஒரு சாண் உயரம். தண்டு, இலை, நரம்பு எல்லாமே கத்தரிக்காய்த் தோலைப்போல ஒரே கறுப்பு. குன்னூரில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்த சினேகிதர் கொடுத்தது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சொன்ன கதை வேறு. அதை அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

“பட்டறைக்குப் பொறத்தால மச்சான் கறுப்புச் சாயத்தண்ணி ஊத்துவாருல்ல கண்ணு, அந்தக் காவாயோரம் மொளச்ச மொளகாச்செடி இது. சாயங் குடிச்சு வளந்தது. தேச்சுப் பாரு, போவாது. மச்சான் கைச்சாயம்.”

நான் தேய்த்துப் பார்த்து, “அப்பா, போகலீங்கப்பா!” என்று கத்தினேன். கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கினார். எழுந்து வந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். மாமாவையும் பார்த்தார். “புளுகறதுக்கு ஒரு அளவு வேணும் மாப்ளே” என்றார். ஆனால் சிரித்தார். இரண்டு மாதத்தில் அது முதல் சிரிப்பு. அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காலிச் சாயடப்பாக்களில் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டு அம்மா செடி வைப்பாள். பருவத்துக்குப் பருவம் டப்பாவில் ஆள் மாறும். மழைக்காலத்தில் செண்டுமல்லி, பனிக்காலத்தில் சாமந்தி, கோடையில் கோழிக்கொண்டை. சாமந்தி முடிந்து காலியாகக் கிடந்த டப்பா ஒன்றில் அப்பாவே மண் கிளறி அந்தச் செடியை நட்டார். காலையில் நல்ல வெயில் விழுகிற இடம். அதன் பிறகு அப்பா தினமும் சாயங்காலம் வந்து அதன் எதிரில் குத்தவைத்து உட்காருவார். ஊதாப் பூ வந்தது. பூ போய் மணி மணியாகக் கருங்காய் வந்தது. ஒரு நாள் ஷேவ் செய்துகொண்டார். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இந்தச் செடியில் சாயம் நிற்கும்வரை அப்பா நன்றாக இருப்பார்.

மாசி கடைசியில் அம்மா அப்பாவை மூலனூரில் இருந்த பெரிய அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். காடு தோட்டம் பார்த்தால் மனசு ஆறும் என்று கணக்கு. போகும்போது அப்பா என்னிடம், “செடியைப் பாத்துக்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனை பெரிய பொறுப்பு! அன்றைக்கென்று வெயில் கொளுத்தியது. சாயம் போட்ட எதையும் நேர் வெயிலில் காயப்போடக் கூடாது, வெளுத்துவிடும், நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே தெரியும். டப்பாவை இழுத்துக்கொண்டுபோய்க் குளிக்கிற மறைப்புக்குள், ஓலை நிழலில் வைத்தேன். தண்ணீர் எடுக்க வந்த அம்மா பார்த்துவிட்டு, “அதுவுஞ் செரிதான்” என்றாள். அவளும் சாயக்காரர் பெண்டாட்டிதானே.

பத்து நாளில் குருத்து பச்சையாக வந்தது. அடுத்த நான்கு நாளில் மேல் பாதி முழுக்கச் சாதாரண மிளகாய்ச்செடியாகிவிட்டது. அடி இலைகள்கூட வெளிற ஆரம்பித்தன. சாயம் போய்விட்டது. அப்பா கைச்சாயம் இரண்டாவது முறையும் போய்விட்டது, அதுவும் என் பொறுப்பில். மறுநாள் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அப்பா வருகிறார். மாமா போய்க் கூட்டிவருவதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலையில் அம்மா பிசிர் வெட்டிய மூட்டையைக் கம்பெனியில் கொடுக்கப் போனாள். நான் பரணில் ஏறி, தொடக் கூடாது என்று சொல்லியிருந்த அந்த டப்பாவை இறக்கினேன். அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர், உப்பு, சோடா, பவுடர். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, தென்னை ஈர்க்கில் பஞ்சு சுற்றி, ஒவ்வொரு பச்சை இலையாகப் பூசினேன். இலையில் சாயம் நிற்கவே இல்லை. முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. திரும்பத் திரும்பப் பூசினேன். இலையில் நிற்காத சாயமெல்லாம் என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையில் வந்து நின்றது.

அம்மா திரும்பிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். முதலில் முதுகில் இரண்டு விழுந்தது. பிறகு சட்டையை உருவிக் கல்லில் போட்டாள். இருந்ததே இரண்டு சட்டை. சோப்புப் போட்டாள், சோடா போட்டு வேகவைத்தாள், அடித்துத் துவைத்தாள். கறை அசையவில்லை. நாலாவது தடவை அலசும்போது அவள் கை நின்றது. சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அலசிய தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. “எந்த டப்பாடி?” என்றாள். காட்டினேன். அம்மா முகம் மாறிய விதம் எனக்கு விளங்கவில்லை. சந்தோஷம் மாதிரி இருந்தது.

அப்பாவும் மாமாவும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். அப்பா வெயிலில் கறுத்து, தெளிவாக இருந்தார். மாமா தோளில் முருங்கைக்காய்க் கட்டு. அம்மா தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஈரச் சட்டையை விரித்துப் பிடித்தாள்.

“ஏனுங்க, இதப் பாருங்க. அதே டப்பாப் பவுடருங்க. சோடாவுல வேகவெச்சும் போகலீங்க. பவுடரு நல்ல பவுடருங்க. உங்க மேல தப்பில்லீங்க. போயி மொதலாளிகிட்டக் காட்டுங்க.”

அப்பா சட்டையைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். “பழைய துணியில எந்தச் சாயமும் நிக்கும். நீ எதுக்கு இதைப் போட்டுத் தொவச்சுட்டிருக்கறே? கரித்துணிக்கு வெச்சுக்க” என்றார்.

“பழைய துணியில நிக்குமுங்களா? இத்தன வருசம் உங்ககூடக் குடும்பம் நடத்தறனுங்க, எனக்கே சொல்றீங்களா?”

மாமா முருங்கைக்காயைக் கீழே இறக்கிவைத்தார். “போதுமுங்க மச்சான்” என்றார். அக்காவின் பக்கம் திரும்பாமல், கல்லைப் பார்த்துப் பேசினார். “லாட்ட எறக்குனது நானுங்க அக்கா. இன்னும் அரை மணி நேரம் கொதிக்கோணும். புதுப்படத்துக்கு நேரமாச்சுன்னு முன்னாலயே எறக்கி அலசிப்போட்டு ஓடிட்டேன். மச்சானுக்கு அன்னைக்கே தெரியுமுங்க.”

“கத்துக்கற பையன் அவசரப்படுவான். மாஸ்டர் நின்னு பாத்திருக்கோணும். தப்பு என்னுதுதான்” என்றார் அப்பா. “அவம் பேரு வெளிய போனா இனி எந்தப் பட்டறையில சேத்துவாங்க?”

“இல்லீங்க மச்சான், தப்பு என்னுதுங்க.”

எனக்கு இந்த லாட் விவகாரமெல்லாம் காதில் சரியாக ஏறவில்லை. அப்பா இன்னும் மறைப்புப் பக்கம் திரும்பவில்லை, பச்சைச் செடியைப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. பார்த்தால் மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவார். பெரியவர்கள் எனக்காகப் பழியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்து, “நாந்தானுங்கப்பா, நாந்தான் சாயத்தப் போகவெச்சேன்” என்று பெருங்குரலில் அழுதேன். மூன்று பேரும் திரும்பினார்கள். சட்டையில்லாமல், முழங்கைவரை கறுத்து, கையில் பஞ்சு சுற்றிய ஈர்க்கோடு நின்றிருந்தேன். அப்பாதான் முதலில் சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா என் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு தனியாக முதலாளி வீட்டுக்குப் போனார். என் குறும்பை அங்கே சொல்லிக்கொடுக்கத்தான் போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். மத்தியானம் முதலாளியே காரில் வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார். திங்கட்கிழமை அப்பா டிபன் கேரியரோடு வேலைக்குப் போனார். அம்மா டப்பாவைப் பழையபடி வெயிலில் இழுத்து வைத்தாள். இரண்டு வாரத்தில் குருத்தெல்லாம் கறுத்துவிட்டது. வெயில் பட்டால்தான் கறுக்கும் ஜாதியாம் அது. இதை முன்பே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் மாமா மேல் கொஞ்சம் கோபம்தான்.

அந்தக் கறுப்பைப் பார்க்க மாமா இல்லை. பட்டறையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் அவராகவே கிளம்பி, குன்னூர் சினேகிதரிடம் தோட்ட வேலைக்குப் போனார். கிளம்பிய அன்று அப்பா பஸ் ஏற்றிவிடப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா புளிச்சோறு பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். செடி கெட்டுப்போன கோபத்தில்தான் மாமா ஊரைவிட்டே போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, நான் வேணும்னு பண்ணலீங்க மாமா. அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுபடி படுத்துக்குவாருன்னு பயந்துட்டுத்தான் பூசுனேன்.”

மாமா குனிந்து என்னைத் தூக்கினார். “தப்புப் பண்ணீட்டுப் பயப்படறது எனக்குந் தெரியும் கண்ணு. நீ ஒரு நாள்ல சொல்லீட்டே” என்றார். என் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்திவிட்டு இறக்கிவிட்டார்.

செடியைக் கெடுத்ததற்கு மாமா என்னை மன்னித்துவிட்டார் என்று நான் குதித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.